பதிவேற்றப்படும் கோப்பின் வகையைக் கண்டறிதல்: ஒரு பிஎச்பி தளத்தைச் சீரமைத்தபோது எழுதிய குறிப்புகள்

சிறு பதிப்பகம் ஒன்று, எழுத்தாளர்களின் படைப்புகளை இணையவழியே பெறுவதற்கு, பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு தளத்தை நடத்திவருகிறது. படைப்புகளை வேர்டு, ஓபன்டாக்குமென்ட், பிடிஎஃப், வெற்று உரை ஆகிய வடிவங்களிலும், ஆசிரியரின் புகைப்படத்தைப் படக்கோப்பாகவும், புத்தகக் கடைகள் அனுப்பும் விற்பனைக் கணக்கை, காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பாகவும் அத்தளம் ஏற்க வேண்டும். ஒழுங்கான கோப்புகள் ‘இவ்வகைக் கோப்பு ஏற்கப்படாது’ என்று திருப்பப்படுவதும், எவராலும் திறக்க முடியாத கோப்புகள் தடையின்றி உள்ளே வந்து சேர்வதும் அங்கே ஒருசேர நடந்துகொண்டிருந்தன. பதிவேற்றத்தைக் கையாளும் பகுதியை மட்டும் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்தது. தளத்தின் மற்ற பகுதிகளைத் தொடவில்லை.

பழைய நிரல் ஒரே ஒரு மதிப்பை நம்பியிருந்தது: பதிவேற்றம் முடிந்ததும் பிஎச்பி நிரப்பித் தரும் ஃபைல்ஸ் அணியில் ‘டைப்’ என்ற பெயரில் வந்து நிற்கும் மைம் வகை, அதாவது கோப்பு எவ்வகையானது என்று சொல்லும் குறிப்பெயர். அம்மதிப்பைச் சேவையகம் கணிப்பதில்லை. உலாவி தன் கோரிக்கையில் எழுதி அனுப்பியதைப் பிஎச்பி எந்தச் சோதனையும் இல்லாமல் அப்படியே எடுத்து வைக்கிறது. பிஎச்பியின் கையேடே இதை வெளிப்படையாகச் சொல்லி எச்சரிக்கிறது. உலாவியும் கோப்பைத் திறந்து பார்த்து அதை எழுதுவதில்லை. பெரும்பாலும் கோப்புப் பெயரின் நீட்டிப்பை (கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) வைத்துக்கொண்டு, இயங்குதளம் பேணும் பட்டியலில் தேடி எடுத்துவிடுகிறது. விண்டோஸ் கணினியில் எக்செல் நிறுவப்பட்டிருந்தால், சிஎஸ்வி கோப்பு ‘டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ என்று வராமல் எக்செலுக்குரிய வகைப் பெயரைச் சுமந்து வருவது இதனால்தான். கடைகள் அனுப்பிய கணக்குகளில் சில ஏற்கப்பட்டு, அதே அமைப்பிலுள்ள வேறு சில திருப்பப்பட்டதற்கு விளக்கம் இங்கேயே கிடைத்துவிட்டது. காரணம் கோப்பில் இல்லை, அனுப்பியவரின் கணினியில் எக்செல் இருந்ததா இல்லையா என்பதில் இருந்தது. தீய நோக்கமுள்ள ஒருவர் உலாவியையே பயன்படுத்த வேண்டியதில்லை. கர்ல் போன்ற ஒரு கட்டளைக் கருவியால் எந்தக் கோப்புக்கும் ‘இமேஜ்/ஜேபெக்’ என்று பெயரிட்டு அனுப்பிவிடலாம். ஆகவே அம்மதிப்பைப் பதிவேட்டில் எழுதி வைப்பதோடு நிறுத்திக்கொண்டு, முடிவெடுக்கும் இடத்திலிருந்து முற்றிலும் நீக்கினேன்.

கோப்பு நீட்டிப்பும் அனுப்புபவர் தருவதுதான் என்றாலும் அதை நீக்கவில்லை. அது அனுப்புபவரின் நோக்கத்தைச் சொல்கிறது: ‘இதை வேர்டு ஆவணமாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது ஒரு கோரிக்கை, அந்தக் கோரிக்கை உண்மையா என்று பார்ப்பதுதான் சேவையகத்தின் வேலை. ‘இந்தக் கோப்பு என்ன?’ என்ற திறந்த கேள்விக்கு உலகிலுள்ள ஆயிரக்கணக்கான வடிவங்களில் ஒன்றை விடையாகச் சொல்ல வேண்டியிருக்கும். ‘இதை ஒரு டாக்எக்ஸ் கோப்பாக நம்மால் படிக்க முடியுமா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். பதிவேற்றச் சோதனைக்கு வேண்டியது இரண்டாவது கேள்வியே என்ற முடிவுக்கு வந்த பிறகு நிரலின் அமைப்பு தானாகவே தெளிந்தது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் தனித்தனியே ஒரு சோதனைச் செயல்கூறு, அனுமதிப் பட்டியலில் இல்லாத நீட்டிப்புக்கு உடனடி மறுப்பு, அவ்வளவே.

நீட்டிப்பைப் பிரித்தெடுப்பதில் ஒரு சிறு எச்சரிக்கை. பெயரைப் பாதையிலிருந்து பிரிக்கும் ‘பேஸ்நேம்’ செயல்கூறு இடச்சூழல் அமைப்பை, அதாவது சேவையகத்தின் மொழி, எழுத்துக்குறியாக்க அமைப்பைச் சார்ந்தது என்று பிஎச்பி கையேடு குறிப்பிடுகிறது. பல பைட் எழுத்துகள் உள்ள பெயர்களுக்குப் பொருத்தமான இடச்சூழல் அமைந்திருக்க வேண்டும். ‘முதல் அத்தியாயம்’ என்று தமிழிலேயே பெயரிட்டு அனுப்புவோர் நிறைய இருப்பதால், கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதியை நானே வெட்டி எடுத்துச் சிறிய எழுத்துக்கு மாற்றிக்கொண்டேன். மூலப் பெயர் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும்; வட்டில் கோப்புக்கு இடப்படுவது எழுந்தமானமாக உருவாக்கிய பெயர்.

அடுத்தது கோப்பின் தொடக்க பைட்டுகள். பைட்டு மதிப்புகளை இங்கே பத்தடிமானத்திலேயே எழுதுகிறேன். ஜேபெக் கோப்பு 255, 216, 255 என்று தொடங்குகிறது. பிஎன்ஜி கோப்பின் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இந்த எட்டில் ஒன்றுகூட வீணாக வைக்கப்படவில்லை: முதல் பைட்டு 127-ஐத் தாண்டியிருப்பதால் எட்டாவது பிட்டை வெட்டும் பழைய அஞ்சல் வழியில் போனால் பழுது தெரிந்துவிடும், 13, 10 என்ற இணையும் இறுதி 10-உம் வரிமுடிவை மாற்றும் மென்பொருள்களைக் காட்டிக்கொடுக்கும், 26 என்பது டாஸ் முறைமையில் கோப்பைத் திரையில் கொட்டும்போது நிறுத்தும் குறி. இப்படி யோசித்து உருவாக்கப்பட்ட வடிவங்கள் குறைவு; மற்றவற்றை அடையாளம் காணும் அனுபவ விதிகளைத் திரட்டி வைத்திருப்பதுதான் யூனிக்ஸின் ‘ஃபைல்’ கட்டளை. 1973-லேயே யூனிக்ஸில் இடம்பெற்ற அக்கட்டளையை 1980-களில் இயன் டார்வின் கட்டற்ற மென்பொருளாகப் புதிதாக எழுதினார். அதன் உள்ளிருக்கும் லிப்மேஜிக் என்ற நிரலகத்தைத்தான் பிஎச்பி, பதிப்பு 5.3 முதல் ‘ஃபைல்இன்ஃபோ’ என்ற நீட்சியாகத் தன்னோடு சேர்த்தே வழங்குகிறது.

‘தன்னோடு சேர்த்தே’ என்பதைக் கவனிக்க வேண்டும். பிஎச்பி தனக்கென ஒரு லிப்மேஜிக் பிரதியையும் விதித் தரவுத்தளத்தையும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது; முனையத்தில் ‘ஃபைல்’ கட்டளை பயன்படுத்துவது இயங்குதளம் நிறுவிய வேறொரு பிரதி. இரண்டின் பதிப்புகளும் வேறுபட்டால் ஒரே கோப்புக்கு இரண்டு விடைகள் வரும், முனையத்தில் சரியாகத் தெரிவது தளத்தில் தவறாகத் தெரியும். எனவே மாதிரிக் கோப்புகளை முனையத்தில் சோதிப்பதை விட்டுவிட்டு, அதே சேவையகத்தின் அதே பிஎச்பி வழியாகவே எல்லாவற்றையும் சோதித்தேன்.

லிப்மேஜிக் தரும் விடையை நேரடியாக அனுமதிப் பட்டியலோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது என்று பல கையேடுகள் எழுதிவிடுகின்றன. படங்களுக்கு அது ஓரளவு போதும். ஆவணங்களுக்குப் போதாது, ஏனெனில் இன்றைய ஆவண வடிவங்களில் பெரும்பாலானவை, பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாக்கும் ஜிப் பொதிக்குள் இருக்கின்றன. டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஓடிடி, இபப், ஜாவாவின் ஜார், ஆண்ட்ராய்டின் ஏபிகே எல்லாமே 80, 75, 3, 4 என்றுதான் தொடங்கும். 80-உம் 75-உம் ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் கட்ஸ் அவர்களின் பெயரின் முதலெழுத்துகள். ஓபன்டாக்குமென்ட் வடிவத்தை வகுத்தவர்கள் இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்து, ‘மைம்டைப்’ என்ற சிறு கோப்பு பொதியின் முதல் உறுப்பாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதனால், பூச்சியத்திலிருந்து எண்ணினால், 30-ஆம் பைட்டில் அந்தப் பெயரும் 38-ஆம் பைட்டில் வகையும் வெற்றுக் கண்ணுக்கே தெரியும்படி நிற்கின்றன. இபப்பும் அதே வழியைப் பின்பற்றுகிறது. மைக்ரோசாஃப்டின் வடிவத்தில் அப்படி ஒரு நிலையான இடம் இல்லை. பொதிக்குள் முதலில் வரும் உறுப்புகளின் பெயர்களை வைத்து லிப்மேஜிக் ஊகிக்கிறது. வேர்டு உருவாக்கும் கோப்புகளில் ஊகம் சரியாக அமைகிறது, உறுப்புகளை வேறு வரிசையில் அடுக்கும் பிற மென்பொருள்களின் கோப்புகளில் ‘அப்ளிகேஷன்/ஜிப்’ என்ற பொது விடையே வரக்கூடும். எந்தப் பிழையும் இல்லாத டாக்எக்ஸ் ஒன்று இப்படித் திருப்பப்பட்டால், அதை அனுப்பியவர் ஒன்றும் செய்ய இயலாது.

எனவே லிப்மேஜிக் ‘டாக்எக்ஸ்’ என்றாலும் ‘ஜிப்’ என்றாலும் ஒரே வழியில் அனுப்பி, பிஎச்பியின் ஜிப்ஆர்க்கைவ் வகுப்பால் பொதியைத் திறந்து பார்க்கிறேன். டாக்எக்ஸ் பொதியின் மேல்மட்டத்தில், சதுர அடைப்புக்குள் பெயரிடப்பட்ட ‘கன்டென்ட்-டைப்ஸ்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருந்தே ஆக வேண்டும். பொதியின் முதன்மைப் பகுதி வேர்டு ஆவணமா, விரிதாளா, நிரல்துண்டு அடங்கிய மேக்ரோ ஆவணமா என்பதை அதுவே அறிவிக்கிறது. மேக்ரோ ஆவணத்தின் நீட்டிப்பை மாற்றி டாக்எக்ஸ் என்று அனுப்பினாலும் அந்த அறிவிப்பு காட்டிக்கொடுத்துவிடும். உறுப்புகளை விரிப்பதற்கு முன்பே அவற்றின் அறிவிக்கப்பட்ட அளவுகளைக் கூட்டிப் பார்த்து, வரம்பை மீறினால் நிறுத்துகிறேன். சில கிலோபைட் பொதி விரிந்து வட்டையே நிரப்பும் தந்திரம் மிகப் பழையது. அறிவிக்கப்பட்ட அளவும் பொய்யாக இருக்கலாம் என்பதால், படிக்கும்போதும் பைட்டுகளை எண்ணியே படிக்க வேண்டும்.

ஜிப் வடிவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் உள்ளடக்க அட்டவணை கோப்பின் இறுதியில் இருப்பதால், படிக்கும் மென்பொருள் பின்னாலிருந்து தொடங்குகிறது. முன்னால் வேறு எது ஒட்டியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஜிஃப் படம் ஒன்றின் வாலில் ஜார் பொதியை ஒட்டவைத்து, படமாகவும் ஜாவா நிரலாகவும் ஒரே கோப்பை நடமாடவிட முடியும் என்பது 2008-இல் வெளிப்படையாகச் செய்துகாட்டப்பட்டது. தொடக்க பைட்டுகள் சரியாக இருப்பது கோப்பு அந்த வகையைச் சேர்ந்தது என்பதற்கு ஆதாரம். வேறு எந்த வகையையும் சேராதது என்பதற்கு ஆதாரம் ஆகாது.

பழைய டாக் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 208, 207, 17, 224 என்று தொடங்கும் அந்தக் கூட்டுக் கோப்பு வடிவத்தைப் பழைய எக்செல், பவர்பாயின்ட் கோப்புகளும் விண்டோஸ் நிறுவல் பொதிகளான எம்எஸ்ஐ கோப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன. பதிப்பகத்திடம் பேசி, அவ்வடிவத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். டாக்எக்ஸாகச் சேமித்து அனுப்பும் வழியைப் படத்துடன் விளக்கும் ஒரு பக்கத்தை அவர்கள் எழுதித் தந்தார்கள். நிரலால் தீர்க்க வேண்டாதவற்றை நிரலால் தீர்க்காமல் விடுவது நல்லது.

பிடிஎஃப் சோதனை பழைய நிரலிலும் இருந்தது, ஆனால் அளவுக்கு மீறிக் கறாராக இருந்தது. விழுக்காட்டுக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் சிறுகோடும் ஆகிய ஐந்து பைட்டுகள் முதல் இடத்திலேயே இருந்தாக வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட்டோ அந்தத் தலைப்பு முதல் 1024 பைட்டுகளுக்குள் எங்கிருந்தாலும் நெடுங்காலமாக ஏற்றுவந்திருக்கிறது. அதனால், கோப்பின் தலையில் ஒரு வெற்று வரியையோ யுடிஎஃப்-8 அடையாள பைட்டுகளையோ தவறுதலாக எழுதிவிடும் மென்பொருள்களின் பிடிஎஃப்களும் பயனரின் கணினியில் குறையின்றித் திறக்கின்றன. அவர் கணினியில் திறப்பதை நாம் பிடிஎஃப் இல்லை என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். முதல் 1024 பைட்டுகளில் தேடிவிட்டு, பக்க எண்ணிக்கையைக் கேட்கும் ஒரு கட்டளைக் கருவியிடம் கோப்பைக் கொடுத்து, அது நேர எல்லைக்குள் ஓர் எண்ணைத் திருப்பித் தந்தால் மட்டுமே ஏற்கிறேன். கடவுச்சொல் இடப்பட்ட கோப்புகளும் இந்தப் படியிலேயே பிடிபடுகின்றன.

படங்களுக்கு ‘கெட்இமேஜ்சைஸ்’ செயல்கூறு போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தலைப்புப் பகுதியை மட்டுமே படிப்பதால், சரியான ஜிஃப் தலைப்புக்குப் பின் பிஎச்பி நிரல் எழுதப்பட்ட கோப்பும் அதைக் கடந்துவிடும். படம் செல்லுபடியாகுமா என்று சோதிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கையேடும் சொல்கிறது. எனக்கு அது வேறொன்றுக்குப் பயன்பட்டது. 20,000 × 20,000 புள்ளிகள் என்று அறிவிக்கும் படத்தை, புள்ளிக்கு நான்கு பைட் கணக்கில் நினைவகத்தில் விரித்தால் 160 கோடி பைட்டுகள் வேண்டும். அப்படிப்பட்டதை விரிக்காமலேயே மறுக்க அந்தத் தலைப்புத் தகவல் போதும். அளவு ஏற்புடையதாக இருந்தால் படத்தை முழுமையாக விரித்து, புதிய ஜேபெக்காக மறுபடி எழுதி, மூலத்தை அழித்துவிடுகிறேன். ஒட்டவைத்த வால், கருத்துப் பகுதியில் மறைந்த நிரல், புகைப்படம் எடுத்த இடத்தின் புவிக்குறிப்பு எல்லாம் ஒருசேர நீங்கிவிடுகின்றன.

ஐபோனின் ஹெய்க் படங்கள் தனிக் கதை. ஐஓஎஸ் 11 முதல் அக்கருவிகள் இவ்வடிவில் படமெடுக்கின்றன, சிலர் அதற்கு ஜேபிஜி என்று பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். பூச்சியத்திலிருந்து எண்ணினால் நான்காவது பைட்டிலிருந்து ‘எஃப்டைப்’ என்ற நான்கெழுத்துக் குறியும் அதைத் தொடர்ந்து வடிவக் குறியும் வருவதால் அடையாளம் காண்பது எளிது. விரிப்பதுதான் கடினம், பிஎச்பியின் ஜிடி நிரலகத்தால் இயலாது. படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் வழியாக விரிக்கலாம். ஆனால் அதன் கையில் கோப்பைக் கொடுக்கும்போது வடிவப் பெயரை முன்னொட்டாக எழுதியே கொடுக்க வேண்டும். அம்மென்பொருள் நீட்டிப்பைப் பொருட்படுத்தாமல் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தானே வடிவத்தைத் தீர்மானிக்கும் இயல்புடையது. 2016 மே மாதம் வெளியான பெரும் பாதுகாப்புக் குறையில், ஜேபிஜி என்று பெயரிட்ட கோப்புக்குள் திசையன் பட வரிகளை எழுதி அனுப்பியவர்களால் சேவையகத்தில் கட்டளைகளையே இயக்க முடிந்ததற்கு அந்த இயல்பும் துணைபோனது. வகையைக் கண்டறியும் புத்திசாலித்தனமே வாசலைத் திறந்துவிட்ட நிகழ்ச்சி அது.

அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது, நான் எளிது என்று கடைசிக்கு ஒதுக்கியிருந்த வெற்று உரை. உரைக்கோப்புக்குக் கையொப்ப பைட்டுகள் கிடையாது. லிப்மேஜிக் பைட்டுகளின் பரவலைப் பார்த்து ‘டெக்ஸ்ட்/ப்ளெயின்’ என்பதோடு ஒரு குறியாக்கப் பெயரையும் ஊகித்துச் சொல்கிறது. யுடிஎஃப்-8 தமிழ் சிக்கலற்றது: ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள், முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175. ஆனால் மூத்த எழுத்தாளர்கள் பலர் பல்லாண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்துவைத்த கோப்புகளையே அனுப்புகிறார்கள். யுனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியில் எழுதப்பட்ட கோப்பில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட ஒற்றை பைட்டுகளாக இருக்கும். அவற்றில் 128 முதல் 159 வரையிலான பைட்டுகள் வந்திருந்தால் ‘அறியப்படாத எட்டு பிட்’ என்றும், வராவிட்டால் மேற்கு ஐரோப்பிய ஐஎஸ்ஓ-8859-1 என்றும் லிப்மேஜிக் சொல்கிறது. ஒரே எழுத்தாளரின் இரண்டு அத்தியாயங்களுக்கு இரண்டு விடைகள் வருவதற்கு இதுவே காரணம். பாமினி இன்னும் நுட்பமானது. அது குறியாக்கமே இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு. அக்கோப்பு இயந்திரத்தின் பார்வையில் குற்றமற்ற ஆங்கில உரை. தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்-16 என்ற குறியாக்கம் இன்னொரு பக்கம்: அதன் எழுத்துகள் யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால், முறையாக மாற்றப்பட்ட கோப்பு யுடிஎஃப்-8 சோதனையைக் கடந்துவிட்டு, உரிய எழுத்துரு இல்லாத திரையில் கட்டங்களாகத் தெரியும்.

இங்கே வகையைக் கண்டறிவதை விட்டு, தேவையைச் சோதிப்பதற்கு மாறினேன். முதலில் கோப்பு முழுவதும் முறையான யுடிஎஃப்-8 தானா என்று பார்க்கிறேன். பின்னர் இடைவெளி, எண், நிறுத்தக்குறி நீங்கலான எழுத்துகளில் எவ்வளவு பங்கு யுனிகோடின் தமிழ்ப் பகுதியில் விழுகிறது என்று கணக்கிடுகிறேன். பங்கு மிகக் குறைவாக இருந்து, அரைப்புள்ளிகள் இயல்புக்கு மீறி மலிந்திருந்தால் அது பாமினியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் அவ்வெழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. எதையும் தானாக மாற்றுவதில்லை. ‘உங்கள் கோப்பு பழைய எழுத்துருவில் இருப்பதாகத் தெரிகிறது’ என்று, முதல் சில வரிகள் எங்களுக்கு எப்படித் தெரிகின்றன என்பதையும் சேர்த்துக் காட்டி, எழுத்தாளரிடமே கேட்கிறேன். இதே சோதனையை டாக்எக்ஸின் உள்ளிருக்கும் உரைக்கும் பொருத்தியபோது, வகையில் எந்தக் குறையும் இல்லாத ஆவணங்களிலும் பாமினி இருப்பது தெரியவந்தது.

சிஎஸ்விக்கும் இதே அணுகுமுறைதான். லிப்மேஜிக்கின் பதிப்பைப் பொறுத்து அது வெற்று உரை என்றோ சிஎஸ்வி என்றோ வரும், பெயரின் முற்பகுதிகூடப் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. முதல் வரியில் நாம் கேட்ட நெடுவரிசைத் தலைப்புகள் இருக்கின்றனவா, ஒவ்வொரு வரியிலும் நெடுவரிசைகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்பதைப் படித்துப் பார்ப்பதே சோதனை. எக்செலின் ‘யுனிகோட் உரை’த் தெரிவு 255, 254 என்று தொடங்கும் யுடிஎஃப்-16 கோப்பைத் தருகிறது, அதை மாற்றிக்கொள்ளலாம். சாதாரண சிஎஸ்வித் தெரிவில் சேமித்தால் தமிழ் எழுத்துகளெல்லாம் வினாக்குறிகளாகிவிடுகின்றன. அதை மீட்க வழியில்லை, நூல் பெயர் நெடுவரிசையில் வினாக்குறிகள் வரிசையாக நின்றால் அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

உள்ளே வாங்கும்போது சரிபார்த்ததெல்லாம், வெளியே கொடுக்கும்போது கைவிட்டால் பயனற்றுப்போகும். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சேவையகம் சொன்ன வகையை நம்பாமல் முதல் 256 பைட்டுகளைத் தானே படித்து வகையை ஊகித்தது. ஆடம் பார்த், ஹுவான் கபலேரோ, டான் சாங் ஆகியோர் 2009-இல் இதை ஆராய்ந்தபோது, மாநாட்டுக்குச் சமர்ப்பிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டுரைக்குள் எச்டிஎம்எல் வரிகளை மறைத்துவைத்தால், மதிப்பீட்டாளர் அதைத் திறந்ததும் அக்கட்டுரை தனக்குத் தானே நல்ல மதிப்பீட்டை எழுதிக்கொள்ளும் என்று காட்டினார்கள். படைப்புகளைப் பெறும் ஒரு தளத்தைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடைத்திருக்காது. எனவே எல்லாக் கோப்புகளும் இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாத அடைவில் இருக்கின்றன. ஒரு பிஎச்பி நிரல் அவற்றைப் படித்து, சோதனையின்போது தீர்மானித்துச் சேமித்த வகையோடும், உலாவியை ஊகிக்க விடாத ‘நோஸ்னிஃப்’ தலைப்போடும், பதிவிறக்கமாகவே கொடுக்கும் தலைப்போடும் அனுப்புகிறது. அப்பாச்சி என்ற இணையச் சேவையக மென்பொருளில், எந்த நீட்டிப்பை எப்படிக் கையாள்வது என்ற விதிகள் அமைக்கப்படும் விதத்தைப் பொறுத்து, நடுவில் பிஎச்பி என்றும் முடிவில் ஜேபிஜி என்றும் இரண்டு நீட்டிப்புகள் கொண்ட கோப்பு நிரலாகவே இயங்கிவிடும் பழைய ஆபத்தும் இந்த ஏற்பாட்டால் அகன்றது.

ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் நான்கு மதிப்புகள் இப்போது பதிவேட்டில் எழுதப்படுகின்றன: உலாவி சொன்ன வகை, நீட்டிப்பு, லிப்மேஜிக்கின் விடை, நமது சோதனையின் முடிவு. முதல் மூன்றும் முரண்படுவது அன்றாட நிகழ்ச்சி என்பதை அப்பட்டியல் காட்டுகிறது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. திருப்பப்பட்ட ஒழுங்கான கோப்பு ஏதேனும் தெரியவந்தால், அனுப்பியவரின் அனுமதியோடு உள்ளடக்கத்தை நீக்கிய பிரதி ஒன்றை மாதிரி அடைவில் சேர்க்கிறேன். பிஎச்பியின் பதிப்பை உயர்த்தும்போதெல்லாம் அதனுள் இருக்கும் லிப்மேஜிக்கும் மாறக்கூடும் என்பதால், அந்த அடைவு முழுவதையும் தானியங்கிச் சோதனை ஒன்று ஓட்டிப் பார்த்த பின்னரே புதிய பதிப்பு தளத்துக்குப் போகிறது.